இன்னாசியின் மிலிட்டரி வண்டி

ஆரோக்கியராஜ் எதையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. கடத்தூர் சந்தைக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. டிராக்டர் டிரெய்லர், கலப்பை, இரும்பு கேட் எல்லாம் செய்வார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் அளவு சொன்னால் அதை எழுதிக்கொள்ள மாட்டார். நேரில் போய்த் தானே டேப் வைத்து அளந்தால்தான் அவருக்குத் திருப்தி. கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா அளவுக்கு மீறிச் சிரித்தார் என்று வேண்டாம் என்றார். இன்னொரு வீட்டில் யாருமே சிரிக்கவில்லை என்று வேண்டாம் என்றார். அப்படியே நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டது. சாப்பாடு மட்டும் பக்கத்துத் தெருவில் அண்ணி நிர்மலாவின் வீட்டில். உலகத்தில் அவர் ஒருபோதும் சந்தேகப்படாத ஆள் அந்த அண்ணி ஒருவர்தான்.

மிக அதிகமாகச் சந்தேகப்பட்டது டிரைவர் மாதுவை.

மாது ஒரு காலத்தில் இந்தக் குடும்பத்தில் ஒருவர் மாதிரி. ஆரோக்கியராஜின் அண்ணன் இன்னாசி, ராணுவத்தில் கழித்துவிட்ட ஒரு சின்ன லாரியை ஏலத்தில் எடுத்தவர் ஒருவரிடமிருந்து வாங்கி வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. தார் ரோடு இல்லாத காலத்தில் அரூர்ப் பக்கத்து மலையில் அது ஏறாத இடமில்லை. போகும்போது ரேஷன் அரிசியும் சிமெண்டும். வரும்போது பலாப்பழம், புளி, சாமை. ஓட்டியது மாது, பக்கத்தில் உட்கார்ந்து வந்தது இன்னாசி. ஊரில் எல்லாரும் அதை மிலிட்டரி வண்டி என்றுதான் சொல்வார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதத்தில், பலாப்பழ லோடோடு இறங்கும்போது வண்டி இடது பக்கமாகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மாது வலது பக்கக் கதவு வழியாகக் குதித்துவிட்டார். தோள் எலும்பு முறிந்ததோடு சரி. இன்னாசி வண்டியோடு போய்விட்டார்.

போலீஸ் கேட்டபோது மாது சொன்னது ஒரே வார்த்தை. “வண்டி கைக்கு வரலீங்க.” அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குடித்திருந்தார் என்று சிலர் சொன்னார்கள். தூங்கிவிட்டார் என்று சிலர். இன்னாசியோடு அன்று காலையில்தான் சண்டை போட்டார், வேண்டுமென்றே திருப்பிவிட்டுக் குதித்துவிட்டார் என்றும் ஒரு பேச்சு இருந்தது. வழக்கில் சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. மாதுவை அதற்குப் பிறகு யாரும் வண்டி ஓட்டக் கூப்பிடவில்லை. அவரும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் ஒருவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாமந்தி போட ஆரம்பித்தார். ‘மாதண்ணா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ் அன்றிலிருந்து அவரை ‘அந்த ஆளு’ என்றுதான் சொன்னார்.

நொறுங்கிய வண்டி கிரேனில் தூக்கி வரப்பட்டு, நிர்மலா வீட்டுப் பின்னால் வேலமரத்தடியில் கிடந்தது. அதன்மேல் அவரைக்கொடி ஏறியது. கோழி முட்டையிட்டது. அதை அப்படியே எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வருடம் தை மாதம், பழைய இரும்பு வாங்கும் ஒருவர் கம்பைநல்லூரிலிருந்து வந்து நின்றார். பெயர் பிரபாகர். “உங்க அண்ணன் வூட்டுப் பின்னால ஒரு வண்டி கெடக்குதாமே, வெட்டி எடுத்துக்கறங்க” என்றார். பட்டறையில் இருந்த ஆரோக்கியராஜ் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“சொன்னாங்க.”

“யாருன்னு கேக்கறேன்.”

“அட, யாரோ சொன்னாங்கன்னு வெச்சுக்குங்களேன். குடுக்கறதா இருந்தா குடுங்க.”

ஆளை அனுப்பிய பிறகு ஆரோக்கியராஜுக்கு வேலை ஓடவில்லை. இத்தனை வருடம் கேட்காத வண்டியை இப்போது வெட்டி எடுக்க யாருக்கு அவசரம்? வெட்டி உருக்கிவிட்டால் யாருக்கு நிம்மதி? அவருக்கு ஒரே முகம்தான் தோன்றியது. வண்டியில் ஏதோ இருக்கிறது. அது வெளியே வரக்கூடாது என்று அந்த ஆள் நினைக்கிறான்.

மறுநாளே டிராக்டர் வைத்து வண்டியை இழுத்துக்கொண்டு போகப் போனார். நிர்மலா கொல்லைப்புறத்தில் நின்று மறித்தார்.

“இத எதுக்குத் தம்பி இப்ப கெளப்பறீங்க?”

“ரெடி பண்ணி ஓட்டலாம்னு பாக்கறேன் அண்ணி.”

“இதப் போயா? எனக்கு இதப் பாக்கவே புடிக்கல. இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாமே.”

“அண்ணன் வண்டிங்க. அவ்வளவு சீக்கிரம் போட முடியாது.”

அண்ணிக்கு மனசு தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். வண்டியை ஓட்ட வேண்டும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறையின் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு வேலையை ஆரம்பித்தார். முதலில் நசுங்கிய கேபினைக் கழற்றினார். பிறகு பின்பக்கப் பெட்டி, என்ஜின், கியர்பாக்ஸ், முன்னும் பின்னும் இருந்த ஆக்சில்கள். துருவில் இறுகிய போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்து, அதற்கும் வராததை கேஸ் வைத்து வெட்டினார். கழற்றிய ஒவ்வொன்றையும் துடைத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரேக் பைப்பை யாராவது அறுத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்த்தார். அறுத்த தடமில்லை. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா? இல்லை. ஸ்டியரிங் மூட்டுகளில் ஒன்று வளைந்திருந்தது. அது விழுந்ததில் வளைந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. கடைசியில் இரண்டு நீள இரும்புச் சட்டமும் நடுவே குறுக்குக் கம்பிகளுமாக, ஏணியைப் படுக்க வைத்தது போல, வெறும் சேஸ் மட்டும் ஸ்டாண்டின் மேல் நின்றது.

அந்த வாரத்தில்தான் மாது எதிர்ச் சாரியில் டீக்கடை ஓரமாக நிற்பதை அவர் பார்த்தார். டீ குடிக்கவில்லை. கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். ஆரோக்கியராஜ் நிமிர்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மூன்று நாள் கழித்துப் பட்டறையைத் திறக்கும்போது, சேஸ் மேல் போட்டிருந்த தார்பாயின் ஒரு மூலை விலகிக் கிடந்தது. முடிச்சு அவர் போடுகிற முடிச்சு இல்லை. எதுவும் காணாமல் போகவில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. பூட்டை மாற்றினார். கொட்டகைக்குக் கதவு வைத்தார். சாப்பிடப் போகும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

அண்ணியிடம் சொன்னார். “அந்த ஆளு சுத்திச் சுத்தி வர்றான். நிச்சயமா ஏதோ இருக்குது.”

நிர்மலா குழம்பை ஊற்றிக்கொண்டே, “இருக்கும்” என்றார்.

சேஸின் பெயிண்டை கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உரித்துக்கொண்டு வந்தார். மேலே பச்சை, அதற்கடியில் ராணுவத்தின் பழைய மங்கல் நிறம். முன்பக்க இடது ஸ்பிரிங் பட்டையைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட் இருக்கும் இடத்துக்கு வந்தார். அந்த பிராக்கெட் சட்டத்திலிருந்து பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்ததில் பிய்ந்தது என்று அதுவரை நினைத்திருந்தார். பெயிண்ட் போனதும் அங்கே வேறொன்று தெரிந்தது. உள்ளங்கை அளவு ஒரு இரும்புத் தகடு, சட்டத்தின் மேல் ஒட்டுப் போட்டிருந்தது. யாரோ அவசரத்தில் அடித்த வெல்டிங். புள்ளி புள்ளியாக, பிடிக்காமல். அதன் மேல் புட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

தகட்டை வெட்டி எடுத்தார். அடியில் சட்டம் விரிசல் விட்டிருந்தது. விரிசலின் உள்ளே துருவுக்கு நடுவில் பச்சைப் பெயிண்ட் இறங்கியிருந்தது.

அவர் கிரைண்டரைக் கீழே வைத்தார். வண்டி கவிழ்ந்த பிறகு யாரும் அதற்கு பெயிண்ட் அடிக்கவில்லை. அப்படியென்றால் வண்டி கவிழ்வதற்கு முன்பே விரிசல் இருந்திருக்கிறது. அது யாருக்கோ தெரிந்திருக்கிறது. தெரிந்து மூடியிருக்கிறார்கள். லோடோடு இறக்கத்தில் வரும்போது அந்த பிராக்கெட் பிய்ந்தால், இடது சக்கரம் பின்னால் நகர்ந்துவிடும். ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி இடது பக்கமே போகும். பள்ளம் இடது பக்கம்தான் இருந்தது.

அப்போதும் அவருடைய சந்தேகம் மாது மேலேயே போனது. வண்டியைப் பார்த்துக்கொண்டது அந்த ஆள்தானே. விரிசலைப் பார்த்துவிட்டு, செலவு தன் தலையில் விழுமோ, வேலை போய்விடுமோ என்று அண்ணனுக்குத் தெரியாமல் மூடியிருப்பான். அதனால்தான் சுற்றிச் சுற்றி வருகிறான். ஆனால் ஒன்று உறுத்தியது. அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் நேராக இந்தப் பட்டறைக்கல்லவா வண்டி வந்திருக்கும்? சொந்தத் தம்பியே வெல்டர்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகச் சாமந்தித் தோட்டத்துக்குப் போனார். மாது பூப்பறித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டிய துணி நிறைய மஞ்சள் பூ. ஆரோக்கியராஜைப் பார்த்ததும் நிமிர்ந்தார், ஓடவில்லை.

“கொட்டாயில வந்து தார்பாயைத் தூக்கிப் பாத்தது நீதான?”

“ஆமாங்க. நான்தான்.”

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று ஆரோக்கியராஜ் எதிர்பார்க்கவில்லை.

“எதுக்கு?”

“நீங்க அந்த எடத்துக்கு வந்துட்டீங்களான்னு பாக்கத்தான்.”

“எந்த எடம்?”

“முன்னால, எடது பக்கம். ஸ்பிரிங்குக் கிட்ட. தகடு போட்டிருக்குமே.”

“பாத்துட்டு வந்து சொல்றியா?”

“பெயிண்டு உரிக்கறதுக்கு முன்னாலதான் நான் வந்தேன். அப்ப ஒண்ணும் தெரியலீங்க. தகடு இருக்கறது எனக்கு அன்னிக்கே தெரியும். வெரிசல மொதல்ல பாத்ததே நான்தான். அண்ணங்கிட்டச் சொன்னேன். இத வெச்சிக்கிட்டு மலை ஏறக் கூடாதுண்ணான்னு சொன்னேன். இந்தப் பலா சீசன் போவட்டும், அப்புறம் முழுசாப் பிரிச்சுப் பாத்துக்கலாம்னு சொல்லி, அரூர்ல யாருகிட்டயோ ஒட்டுப் போட்டுட்டு வந்தாரு.”

“பொய்.”

“சரிங்க.”

“எங்கிட்ட வந்திருப்பாரு. நான் வெல்டருய்யா.”

“உங்ககிட்ட வந்தா நீங்க வண்டிய விட்டிருப்பீங்களா?”

ஆரோக்கியராஜ் விட்டிருக்க மாட்டார். சாவியைப் பிடுங்கி வைத்திருப்பார். அண்ணனுக்கு அது தெரியும்.

“இத்தன வருசம் இதை ஏன் சொல்லல?”

மாது இடுப்புத் துணியை அவிழ்த்துப் பூவைக் கூடையில் கொட்டினார். “செத்தவரு மேல பழி போடறான்னு சொல்லுவாங்க. இருக்கற சந்தேகம் போதாதுன்னு அதையும் சேத்துக்கணுமா? நீங்களே இப்ப கண்ணால பாத்துட்டு வந்தும் பொய்ங்கறீங்க. அன்னிக்கு நம்பியிருப்பீங்களா?” கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: “நம்ப வேணாங்க. உங்க அண்ணியக் கேளுங்க. அன்னிக்குக் காலையில நாங்க பேசினப்ப அவங்க வாசல்லதான் நின்னாங்க.”

திரும்பும் வழியெல்லாம் ஆரோக்கியராஜ் அதை நம்பாமலிருக்கக் காரணம் தேடினார். பிடிபட்டவன் அடுத்தவரைக் காட்டுவது வழக்கம்தான். அண்ணியிடம் கேட்கவும் அவருக்கு மனம் வரவில்லை. கேட்பதே அவரைச் சந்தேகப்படுவது போலிருந்தது. வேறு வழியில் உறுதி செய்துகொள்ளலாம் என்று இரும்புக்காரர் பிரபாகருக்குப் போன் போட்டார். மாதுதான் அனுப்பினான் என்று அந்த ஆள் சொல்லிவிட்டால் போதும்.

“தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வூட்டு வண்டியைப் பத்தி அன்னிக்கு யாரு ஒங்ககிட்டச் சொன்னாங்க? இப்பவாவது சொல்லுங்க.”

அந்தப் பக்கத்தில் பிரபாகர் தயங்கினார். “உங்க அண்ணிதாங்க போன் பண்ணாங்க. தம்பிகிட்ட எம்பேரச் சொல்லாதீங்கன்னாங்க. சீக்கிரமா வெட்டிட்டுப் போயிடுங்கன்னும் சொன்னாங்க.”

அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. நிர்மலாதான் தூக்குச் சட்டியோடு பட்டறைக்கு வந்தார். வந்தவர், பெஞ்சின் மேல் கிடந்த தகட்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். பதில் அந்த முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஆரோக்கியராஜ் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியுமா அண்ணி?”

“தெரியும்.”

“அன்னிக்குக் காலையில...”

“மாது வர மாட்டேன்னுதான் சொன்னான். நாலு தடவ சொன்னான். உங்கண்ணன்தான், பயந்தவனா இருந்தா சாவியக் குடு, நானே ஓட்டிக்கறேன்னாரு. இவருக்கு மலையில ஓட்டத் தெரியாதுன்னுதான் மாது ஏறுனான்.” தூக்குச் சட்டியைக் கீழே வைத்தார். “நானும் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல.”

“அதை விடுங்க. அதுக்கப்புறம்? ஊரே அவனைப் பேசுச்சே. நான் பேசினேன். உங்க வூட்டுல உக்காந்து, உங்க முன்னாலதான பேசினேன்?”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“செத்துப் போன மனுசனுக்குப் பேருதான் மிச்சம். அதையும் எடுத்துட்டா அவருக்கு என்னா இருக்குது? மாது உசுரோட இருக்கறான், தாங்கிக்குவான்னு நெனச்சேன். மொதல்ல கொஞ்ச நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம் சொல்ல முடியாமயே போயிருச்சு.”

அதன் பிறகு ஆரோக்கியராஜ் அந்த வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார். கோபம் என்று மட்டும் சொல்ல முடியாது. எல்லாரையும் சந்தேகப்பட்டுப் பழகிய மனுஷருக்கு, சந்தேகப்படாத ஒரே இடத்தில் இப்படி ஆனால் கால் வைக்கவே இடமில்லாமல் போகும் அல்லவா. அண்ணன் சிரித்துப் பேசியதையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்து, எதில் எது பொய் என்று தேடினார். ஓட்டலில் தின்றார். வேலையை மட்டும் விடவில்லை. விரிசல் விட்ட பாகத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுச் சட்டம் வைத்து, உள்ளேயும் வெளியேயும் வெல்டிங் ஓட்டினார். மற்ற பிராக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பின்னால் இன்னொரு இடத்தில் முடி போல ஒரு கோடு தெரிந்தது, அதையும் வெட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த நிர்மலா, சேலைகூட மாற்றாமல் பட்டறை வாசலில் வந்து நின்றார். “மாது வூட்டுக்குப் போவணும் தம்பி. தனியாப் போவ எனக்குத் தைரியம் இல்ல.”

போனார்கள். மாது வீட்டில் இருந்தார். ஆனால் முன்னால் வந்து நின்றது அவருடைய மனைவி தீர்த்தம்மாள். யார் என்று பார்த்ததும், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“ஒங்க வூட்டுக்காரர்கிட்டக் கொஞ்சம் பேசணும்மா” என்றார் நிர்மலா. “உள்ள உக்காந்து...”

“உள்ள எதுக்குங்க? எங்களப் பத்திப் பேசுனதெல்லாம் உள்ள உக்காந்தா பேசுனீங்க? தெருவுலதான பேசுனீங்க. சொல்றதத் தெருவுலயே சொல்லுங்க.”

மாது, “விடு தீர்த்தா” என்றார்.

“நீ சும்மா இரு. உன் பொண்ணு பள்ளிக்கூடத்துல அழுதுட்டு வந்தப்பவும் விடு விடுன்ன. நான் விட மாட்டேன்.”

தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டில் ஒருவர் டிவியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். ஆரோக்கியராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிர்மலா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வண்டியில் விரிசல் இருந்தது, தன் புருஷனுக்குத் தெரியும், மாது வர மாட்டேன் என்றார், புருஷன்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார், இது தனக்கு அன்றே தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

தீர்த்தம்மாள் அழவில்லை. “சரிங்க. போயிட்டு வாங்க” என்றார். கதவைச் சாத்தவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

மாதுதான் தெருமுனை வரை கூட வந்தார். ஆரோக்கியராஜ், “மாதண்ணா” என்று ஆரம்பித்தார். மாது, “வண்டி எப்ப ஓடும்?” என்று மட்டும் கேட்டார்.

“நீங்க வந்து ஓட்டறீங்களா?”

“இல்லீங்க. அதுல நான் ஏற மாட்டேன்.”

சொன்னபடி அவர் ஏறவேயில்லை. ஆனால் அந்தத் தெருப் பேச்சு ஊர் முழுக்கப் போனது. இரண்டு மாதத்தில் ஒரு பால் வண்டிக்காரர் மாதுவைத் தேடி வந்தார். லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு இப்போது விடியற்காலையில் பால் வண்டி ஓட்டுகிறார். மனைவி சாமந்தியைப் பார்த்துக்கொள்கிறார். ஆரோக்கியராஜும் அவரும் வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். வீட்டுக்குப் போக்குவரத்து இல்லை. நிர்மலா வீட்டுக்கு ஆரோக்கியராஜ் மறுபடி சாப்பிடப் போகிறார். முன்பு மாதிரி பேச்சு இல்லை, ஆனால் போகிறார்.

வண்டி மழைக்காலம் முடிந்ததும் தயாரானது. என்ஜினைத் தருமபுரியில் பிரித்துச் சேர்த்தார்கள். கேபின் தகடு முழுக்க அவர் கையால் அடித்தது. பச்சை வேண்டாம் என்று வெளிர் சாம்பல் நிறம் அடித்தார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து தகுதிச் சான்று வாங்கி, முதல் தடவை தானே ஓட்டிக்கொண்டு மலை ஏறினார்.

மேலே ஒருவரும் லோடு தரவில்லை. நிறம் மாறியிருந்தாலும் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்கள். “இன்னாசி வண்டிதான இது?” என்று கேட்டுவிட்டுப் புளி மூட்டையைத் திரும்ப வீட்டுக்குள் தூக்கி வைத்தார்கள். பிராக்கெட் மாற்றியதைச் சொன்னார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். காலியாகவே இறங்கினார். அடுத்த வாரமும் காலியாகத்தான் ஏறி இறங்கினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

நான்காவது தடவை, குரு என்கிற மலைக்காரர் ஒருவர் கிட்டே வந்தார். செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஆரோக்கியராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து கல்லால் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. முன்னால், நடுவில், பின்னால். சட்டையெல்லாம் மண்ணாக குரு வெளியே வந்தார்.

“ரெண்டு மூட்டை மட்டும் போடறேங்க.”

“சரிங்க. முன்னால ஏறிக்கிறீங்களா?”

“இல்லீங்க, நான் பைக்கில வர்றேன்.”

இறக்கம் முழுக்க கண்ணாடியில் அந்த பைக் தெரிந்துகொண்டேயிருந்தது. வண்டி வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. நின்றால் அதுவும் நின்றது. வளைவுகளில் குரு கழுத்தை நீட்டி இடது முன் சக்கரத்தையே பார்த்தார். ஆரோக்கியராஜ் இரண்டாவது கியரிலேயே, ஹாரனைக்கூட அடிக்காமல், அடிவாரம் வரை ஓட்டிக்கொண்டு வந்தார்.